கடைசி ஹோல்ட் என்று நான் கூவிய நாள்

மகள் தர்சினிக்கும் மகன் கஜனுக்கும் அப்பா எழுதுவது.

நீங்கள் இரண்டு பேரும் இப்போது பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். மகள் டிப்போவில் நடத்துனர். மகன் கட்டாரில் பட்டது போதும் என்று திரும்பி வந்து தனியார் பஸ் ஒன்றில் நடத்துனர். நான் ஓய்வு பெற்றவன் என்றாலும் வீதியில் போகிறவர்கள் இன்னும் என்னைக் கொண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா அன்றைக்குச் சொன்னா, "இந்த வீட்டில மூணு பேர் டிக்கட் வெட்டுறாங்க, பயணம் போறது நான் ஒருத்திதான்" என்று. நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு அம்மா எவ்வளவு தூரம் போய் வந்தா என்பது உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

டிக்கட் மெஷின், கணக்குத் தாள், எந்த இடத்தில் செக்கர் ஏறுவார் என்பதெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் என்னை விடக் கெட்டிக்காரர். முப்பத்தொரு வருடம் மட்டக்களப்புக்கும் கதிரவெளிக்கும் நடுவில் மிதிபலகையில் நின்றவன் என்ற உரிமையில் ஒன்றே ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். வாயைப் பற்றி. எங்கள் தொழிலில் பாதி வேலையைச் செய்வது வாய்தான். நல்லதும் அதால்தான், கெட்டதும் அதால்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன்.

ஒரு மார்கழி மாரி. கிரானுக்கு அங்கால் றோட்டின் மேலே வெள்ளம் ஓடுகிறது. ட்ரைவர் போகலாம் என்று பஸ்ஸைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். நடுவில் போய் எஞ்சின் நின்றுவிட்டது. தண்ணீர் முதலாவது படியைத் தாண்டி உள்ளே வந்தது. யாரோ "ஐயோ" என்று கத்த, எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பி முன் கதவுக்கு முட்டி மோதி அடிபட்டு வந்தார்கள். பஸ் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது. உள்ளே கைக்குழந்தைகள் மட்டும் நாலைந்து.

"இரிங்க, இரிங்க" என்று நான் கத்தியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பயந்த ஆளுக்குக் கட்டளை காதில் ஏறாது. நான் கதவில் கையை நீட்டி மறித்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்லும் குரலில் சொன்னேன்: "இறங்கிற ஆக்கள் டிக்கட்டைக் காட்டிப்போட்டு இறங்குங்க! டிக்கட் இல்லாம இறங்கினா தண்ணிக்குள்ள செக்கர் நிக்கிறார்!"

முன்னுக்கு நின்ற ஆள் உண்மையாகவே சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தேடினார். அதைப் பார்த்துப் பின்னால் நின்றவர் சிரித்தார். கதிரவெளி மீன்காரப் பெண் ஒருத்தி, "செக்கருக்கு நீந்தத் தெரியுமா தம்பி?" என்று கேட்டாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கூட்டம் ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான் எனக்குத் தேவை. பாதிப் பேரை மற்றப் பக்கச் சீற்றுக்கு அனுப்பி, குழந்தைகளை மேலே தூக்கிக்கொள்ளச் சொல்லி, உழவு இயந்திரம் ஒன்று வரும்வரைக்கும் பஸ்ஸை நேராக வைத்திருந்தோம்.

அன்றைக்கு நான் நினைத்தது, ஆளைச் சிரிக்க வைக்கிற பகிடிதான் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று. பகிடி வெள்ளத்தை வற்றச் செய்யவில்லை, கொஞ்ச நேரம்தான் வாங்கித் தந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. அதை யோசிக்க இன்னும் பல வருடம் எடுத்தது.

நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகவில்லை, அம்மாவுக்கு அந்த வருத்தம் என்று தெரிந்தது. மகள் அப்போது பயிற்சிக்காக வெளியூரில். மகன் கட்டாரில். "அம்மாவுக்கு மார்பில ஒரு சின்னக் கட்டி, ஒப்பரேஷன் முடிஞ்சிது, ஊசி மருந்து ஏத்துறாங்க" என்று உங்களுக்கு ஃபோனில் சொன்னோம். அது பொய் இல்லை, ஆனால் பாதி. புற்றுநோய் என்ற சொல்லை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு முன்னாலும் சொல்லவில்லை. அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆறு ஊசி என்று டொக்டர் எழுதினார். மூன்று கிழமைக்கு ஒன்று. முதல் ஊசி போட்டு இரண்டு கிழமைக்குள் அம்மாவின் முடி கை நிறைய வந்தது. "மொட்டை அடிச்சு விடுங்க, ஒவ்வொரு நாளும் பாக்க ஏலா" என்றா. நானே அடித்துவிட்டேன். முடிந்ததும் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தா. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வாய் தானாகத் திறந்தது.

"புள்ள, இனி உனக்குப் பஸ்ஸில இடத்துக்குச் சண்டை இல்ல. முன் சீற் உனக்குத்தான். மொட்டை அடிச்ச மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டதெண்டு எழுதியிரிக்கி."

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தா. பிறகு சிரித்தா பாருங்கள், ஒப்பரேஷன் செய்த இடத்தைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டுங்க, தையல் போகப் போகுது" என்று கண்ணீர் வர வரச் சிரித்தா. அந்தக் கண்ணீரில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு மற்றது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. சாவி பூட்டைத் திறந்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை.

கிளினிக்கில் காத்திருப்பவர்கள் உட்கார நீள நீளமான மர வாங்குகள். நம்பர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக நகர்ந்து நகர்ந்து முன்னுக்குப் போக வேண்டும். விடிய வந்தவர்கள் மத்தியானம்வரை அப்படி நகர்வார்கள். ஒருவரும் மற்றவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லோருடைய மடியிலும் பொலித்தீன் பைக்குள், டொக்டர் மருந்து எழுதும் ஒரு கிளினிக் கொப்பி. இரண்டாவது ஊசி நாளில் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கொண்டக்டர் எழும்பிவிட்டான்.

"முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க! நடுவில இடமிரிக்கி! அண்ணே, பையைக் காலுக்குக் கீழ வைங்க, ஒரு ஆள் இரிக்கலாம்!"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வாங்கே சிரித்தது. நர்ஸ் மிஸ் ஒருத்தி கதவால் எட்டிப் பார்த்து, "யார் இஞ்ச பஸ் ஓட்டுறது?" என்று கேட்டா. அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை. பக்கத்தில் ஏறாவூரிலிருந்து அதே ஊசிக்கு வந்த ஒரு முஸ்லிம் அக்கா இருந்தா, ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவவின் புருசன் வாய் திறக்காத மனிசன், தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருப்பார். ராத்தாகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தா.

பிள்ளைகளே, உண்மையைச் சொன்னால், அது அம்மாவுக்காக மட்டும் இல்லை. ஆறு மாதமாக எனக்குப் பஸ் இல்லை. அந்த வாங்கில் எனக்கு என் பஸ் திரும்பக் கிடைத்தது. வீட்டிலும் அப்படித்தான். அம்மா "இஞ்சேருங்க, எனக்கு ஒரு மாதிரி..." என்று தொடங்குவா. நான் உடனே ஒரு பகிடியை எடுத்துக் குறுக்கே போடுவேன். அவ சிரிப்பா. தொடங்கின கதை அங்கேயே நின்றுவிடும். ஏற வந்த ஆளை மிதிபலகையில் வைத்தே தள்ளிவிட்டுப் போவது போல எத்தனை தரம் செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாவது ஊசி நாள். கடும் மழை. பஸ்கள் பிந்தி வந்ததால் கிளினிக்கில் சனம் குறைவு. வாங்கு கெதியாக நகர்ந்தது. அம்மாவும் ஏறாவூர் ராத்தாவும் முன் வாங்கின் கடைசி மூலைக்கு, டொக்டரின் கதவடிக்கு வந்துவிட்டார்கள். நான் சுவரோடு நின்றுகொண்டு அன்றைக்கு நல்ல ஆட்டத்தில் இருந்தேன். சிரிக்க ஆள் இருந்தால் எங்களுக்கு நிப்பாட்டத் தெரியாது. முப்பத்தொரு வருடம் கடைசித் தரிப்பிடமான கதிரவெளியில் பஸ் போய் நின்றதும் கூவிய கூவல் வாயில் வந்துவிட்டது.

"கடைசி ஹோல்ட்! கடைசி ஹோல்ட்! எல்லாரும் இறங்குங்க, பஸ் இனி அங்கால போகாது!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

ராத்தா முந்தானையை இழுத்து முகத்தை மூடினா. தோள் குலுங்கியது. புருசன் தொப்பியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வெறுமனே பார்த்தார். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னா:

"இஞ்சேருங்க. இரிங்க."

அன்றைக்கும் ஊசி போட்டார்கள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அம்மா கண்ணாடியால் வாவியைப் பார்த்துக்கொண்டே வந்தா. அமிர்தகழியில் இறங்கி வீட்டுக்கு வந்து, சீலை மாற்றி, கட்டிலில் இருந்துகொண்டு சொன்னா: "மூணு போதும். இனி நான் போகல்ல."

"என்ன புள்ள சொல்ற?"

"கோபமில்ல. நீங்க சொன்னது சரிதானே. இறங்கிற இடம் வந்தா இறங்கத்தானே வேணும்."

ஆறில் மூன்றோடு நிப்பாட்டினால் என்ன ஆகும் என்று டொக்டர் முதல் நாளே விளக்கிச் சொல்லியிருந்தார். நான் செய்த கூவல் அவவைப் பாதி வழியில் இறக்கிவிட்டது. அந்த நேரத்திலும் இந்த வாய் என்ன செய்தது தெரியுமா? "அப்ப நான் டிப்போவுக்குக் கடிதம் எழுத வேணும், பயணி நடுவழியில..." என்று தொடங்கினேன்.

அம்மா கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா.

"அறுவது பேர் ஏறின பஸ்ஸில எல்லாருக்கும் இடம் பிடிச்சுக் குடுத்த மனிசன் நீங்க. எனக்கு அழுறதுக்கு இந்த வீட்டில ஒரு சீற் இல்லையா?"

நான் நிலத்தில் உட்கார்ந்தேன். அம்மா அழுதா. ஒப்பரேஷன் நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. நான் இடையில் ஒரு சொல்லும் போடவில்லை, கையைக்கூட எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழுகைக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தா. சாவுக்குப் பயம் இல்லை என்றா, பிறகு இருக்கிறது என்றா. ஊசி ஏறும்போது கைக்குள் குளிர் போகிறதே, அது பயம் என்றா. பிள்ளைகள் திரும்பி வரும்போது தான் படமாகச் சுவரில் தொங்கினால் என்ன செய்வது என்றா. "நீங்க சோறு வடிக்கக்குள்ள கையைச் சுட்டுக்கொள்ளுவீங்க, ஆர் பாக்கிறது" என்றா.

இவ்வளவும் இரண்டு மாதமாக என் பகிடிக்குக் கீழே நசுங்கிக் கிடந்திருக்கிறது.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்தது மற்றப் பக்கத்துப் பிழை. அடுத்த நாளிலிருந்து நான் வாயையே திறக்கவில்லை. பூனை மாதிரி நடந்தேன். டீவியைப் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சத்தமாகக் கதைத்தால் படலையடியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன். சோற்றை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா, அவ்வளவுதான். அம்மாவை இருபத்தெட்டு வருடமாக "நீ" என்று சொன்னவன் திடீரென்று "நீங்க" என்று மரியாதை கொடுக்கத் தொடங்கினேன். ஊசியைப் பற்றிக் கேட்கவும் பயம். நாலாவது ஊசித் தேதி நெருங்கி வந்துகொண்டிருந்தது. வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது, அம்மா உயிரோடு உள்ளே இருக்கும்போதே.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை. கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன். அம்மா கஞ்சியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"என்ன, டிப்போவில வேலை நிறுத்தமா?"

எனக்கு விளங்கவில்லை. சோதிக்கிறாவா என்று பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை. கவனமாகச் சொன்னேன்:

"இல்ல. ட்ரைவர் வரல்ல."

"ட்ரைவர் நான்தானே. எனக்குக் காய்ச்சல். லீவு போட்டிரிக்கன். அதுக்குக் கொண்டக்டரும் வாயப் பூட்டிக்கிட்டு இரிக்கிறதா?"

இரண்டு பேரும் சிரித்தோம். முந்தின சிரிப்பு மாதிரி இல்லை இது. சின்னச் சிரிப்பு. ஆனால் தொடங்கியது அவ. அந்த வித்தியாசம் எனக்கு அந்த இடத்திலேயே உறைத்தது.

"நான் பகிடியே விட வேண்டாம் எண்டு சொல்லல்ல" என்றா அம்மா. "ஆனா பஸ்ஸில பெல் இழுக்கிறது ஆரு? நிப்பாட்டச் சொல்லிப் பயணி இழுப்பான். நீங்கதான் இஞ்ச எல்லா பெல்லையும் இழுக்கிறீங்க. இனி நான் அடிக்கிறன். ஒண்டு அடிச்சா நிப்பாட்டுங்க. ரெண்டு அடிச்சா போங்க."

"பெல்லுக்கு எங்க போற?"

கட்டில் சட்டத்தில் மடக்கிய விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினா. பிறகு இரண்டு தட்டு. "இது போதும்."

ஒரு மணி நில், இரண்டு மணி போ. உங்களுக்கு இது முதல் நாள் பாடம். எனக்கு முப்பத்தொரு வருடப் பழக்கம். அதை என் மனிசி கட்டிலில் தட்டித்தான் எனக்குத் திரும்பச் சொல்லித் தர வேண்டியிருந்தது.

ஆனாலும் ஊசிக்குப் போவதாக அவ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாலாவது ஊசி நாள் விடிந்தது. நான் கொப்பியை எடுத்துப் பையில் வைத்தேன், திரும்ப வெளியே எடுத்தேன். அம்மா எழும்பி முகம் கழுவி, பழைய சீலையோடேயே கட்டிலில் வந்து இருந்தா. நல்ல சீலை கொடியில் தொங்கியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்த பஸ்ஸை விட்டால் நம்பர் கிடைக்காது.

என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். பகிடிகள் நாலைந்து வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் ஏற்றவில்லை. கெஞ்சினால் எனக்காகத்தான் வருவா. அதட்டினால் வரவே மாட்டா. கடைசியில் இருந்ததைச் சொன்னேன்.

"புள்ள, எனக்குப் பயமா இரிக்கி."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் அவவுக்குச் சொன்னதில்லை. வெள்ளத்திலும் சொன்னதில்லை, சண்டைக் காலத்திலும் சொன்னதில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தா. நான் இவ்வளவு காலம் எங்கே ஒளிந்திருந்தேன் என்று தேடுவது போல.

"இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றா. "நான் தனியப் பயந்துகிட்டு இரிந்தனே."

பிறகு கட்டில் சட்டத்தில் தட்டினா. இரண்டு தட்டு.

"அந்தச் சீலையை எடுங்க."

கிளினிக்கில் போய் இறங்கியதும் நான் முதலில் தேடியது ராத்தாவை. முன் வாங்கில் புருசனோடு இருந்தா. நான் போய் முன்னால் நின்றேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"ராத்தா, அண்டைக்கு நான் கத்தினது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க."

"என்னத்த?"

"கடைசி ஹோல்ட் எண்டது."

ராத்தா பொலித்தீன் பைக்குள் கையை விட்டுக் கிளினிக் கொப்பியை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினா. "நீங்க இறங்கச் சொன்னீங்கதான். நான் இறங்கினனா? இந்தா, டிக்கட் கையில இரிக்கி. இன்னும் ரெண்டு ஊசிக்கு எழுதியிரிக்கி. கொண்டக்டர் கத்தினார் எண்டு பாதி வழியில இறங்க எனக்கென்ன பைத்தியமா?"

அம்மாதான் முதலில் சிரித்தா. பிறகு அந்தப் பேசாத மனிசன் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. குரலைத் தணித்துச் சொன்னா:

"ஊட்டில எல்லாரும் சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க எண்டுதான் சொல்றாங்க தம்பி. அழ விடுறாங்க இல்ல. அண்டைக்கு அழுததால கொஞ்சம் பாரம் குறைஞ்சிதுதான். அதுக்காக நீங்க செஞ்சது சரியெண்டு சொல்லல்ல. இன்னொருக்கா அப்படிக் கத்தினீங்க, செருப்புத்தான் வரும்."

"வரட்டும் ராத்தா" என்றேன். போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு வாங்கில் நான் ஒரு சத்தமும் போடவில்லை. யாரோ ஒரு பெரியவர் கேட்டார், "என்ன கொண்டக்டர், பஸ் ஓடல்லையா?" நான் அம்மாவைப் பார்த்தேன். அவ யோசித்துவிட்டு வாங்கின் பலகையில் இரண்டு தரம் தட்டினா. "முன்னுக்குப் போங்க" என்றேன், மெதுவாக. போதுமான அளவு சிரித்தார்கள்.

ஐந்தாவது ஊசிதான் எல்லாவற்றிலும் மோசம். அந்தக் கிழமையில் நான் கேட்டது எல்லாம் ஒற்றைத் தட்டுத்தான். ஒரு தட்டுக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு அவவின் பாதத்தைப் பிடித்துவிடுவேன். ஒரு நாள் தட்டுவதற்கும் விரலில் பலம் இல்லை. அப்போதுதான் முகத்தைப் பார்த்து மணியைக் கேட்கப் பழகினேன். உண்மையில் அதைப் பஸ்ஸிலேயே பழகியிருக்க வேண்டும்.

மகளே, மகனே, உங்கள் பஸ்ஸில் அப்படிப்பட்டவர்கள் ஏறுவார்கள். பொலித்தீன் பைக்குள் கொப்பி இருக்கும். தலையில் சீலை சுற்றியோ தொப்பி போட்டோ இருப்பார்கள். வாங்கில் என்னோடு இருந்தவர்கள்தான் அவர்கள். இடம் எடுத்துக் கொடுங்கள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறவனோடு உங்கள் வாயை அங்கே பாவியுங்கள். ஆனால் அவர்களிடம் போய் நீங்களாகப் பகிடியைத் தொடங்காதீர்கள். அவர்கள் தொடங்கினால் பின்னுக்கு நிற்காதீர்கள், மரியாதை என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்திருக்காதீர்கள். அதுவும் ஒரு விதமாக ஆளை இறக்கிவிடுவதுதான். வீட்டில் யாருக்காவது எப்போதாவது வந்தாலும் இதேதான். பயமாக இருந்தால் பயம் என்று முதலில் சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு சொல்லுக்கு மூன்று ஊசி எடுத்தது.

அம்மாவோடு இன்னமும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போய் வருகிறேன். இதுவரைக்கும் நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அடுத்த தரம் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரியாது என்பதை இப்போது இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறோம்.

ஆறாவது ஊசி முடிந்து இரண்டாவது கிழமை, ஒரு பகல். அம்மா மீன் குழம்போடு சோறு சாப்பிட்டு, இன்னும் ஒரு அகப்பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினா. நான் கதவடியில் நின்று மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சத்தம் போடாமல் குனிந்து, கட்டிலுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் பேசினை இழுத்து எடுத்தேன். அவ்வளவு நாளும் ஊசிக்குப் பிறகு அம்மா சத்தி, வாந்தி எடுக்க வைத்திருந்தது. கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டு இன்னொரு தரம் தேய்த்தேன். வெயிலில் காய வைத்தேன். காய்ந்ததும் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பக் கட்டிலுக்குக் கீழே வைக்கவில்லை. பின் வளவுக்குப் போய், பலா மரத்து நிழலில் வைத்து, தண்ணீர் நிறைத்தேன். கோழிகள் முதலில் பயந்து ஒதுங்கின. பிறகு ஒன்று வந்து குடித்தது.